கல்லுக்கு அந்தப் பக்கம் போன நிழல்

வில்லியனூரில் இளைஞர்கள் சிலர் மாதம் ஒரு விவாதக் கூட்டம் நடத்துகிறார்கள். கலை, அரசியல், சமூகம் என்று தலைப்பு வைத்துப் பேசுகிறார்கள். போன மாதம் என்னையும் அழைத்திருந்தார்கள். கூடத்தில் நான்கு மின்விசிறிகள். நாற்காலிகளைத் தரையோடு திருகு போட்டு இறுக்கியிருந்தார்கள். அவரவர் உட்கார்ந்த இடத்திலேயே கடைசி வரை உட்கார்ந்திருந்தார்கள். எனக்குக் கால் தரிக்கவில்லை. மூன்று முறை எழுந்து வெளியே போய் வந்தேன். கூட்டம் முடிந்ததும் செயலாளர் பெண், "ஐயா, அந்தக் காலத்துல நீங்க இதையே வேலையா செஞ்சீங்களாமே, எப்படிச் செஞ்சீங்க, எழுதிக் குடுங்க" என்றாள். எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றவன் என்பதால் அழகாக வராது. நடந்தது நடந்தபடி வரும்.

பிரஞ்சுக்காரன் ஆண்ட காலம். இரண்டாவது உலகச் சண்டை வருவதற்குச் சில வருடங்கள் முன்பு. அதற்குள் நான் பாகூரில் கரும்பாலையில் அடுப்புத் தள்ளி, நல்லவாட்டில் வலை இழுத்து, டவுனில் ஆலையில் பஞ்சு சுமந்து, எல்லாவற்றையும் விட்டிருந்தேன். யாரும் துரத்தவில்லை. ஒரு ஊரில் பத்து நாள் இருந்தால் எனக்குப் பாதம் அரிக்கும். அம்மா இறந்தபோது நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்று தெரியாமல் ஆள் விட்டுத் தேடினார்கள். காரியம் முடிந்து மூன்றாம் நாள் வந்து சேர்ந்தேன். இப்படி அந்தப் பக்கத்துக் கம்யூன்களில், அதாவது பிரஞ்சுக்காரன் ஊராட்சிகளில், வரப்பு வரப்பாக வழி தெரிந்துபோனது. அதுதான் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது.

வேலை கொடுத்தவர் ராயப்பர். மேரியில், அதாவது கம்யூன் அலுவலகத்தில், எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் 'முசே', பிரஞ்சில் ஐயா என்பதுபோல. நான்கைந்து பேரைச் சேர்த்து ஒரு சபை வைத்து, ஞாயிறு பிற்பகலில் ஊர் ஊராகப் பொது உரையாடல் நடத்திவந்தார். ஒரு ஞாயிறு கலை, அடுத்தது அரசியல், அதற்கடுத்தது சமூகம். எனக்கு ஒரு சைக்கிள், ஒரு கைமணி, பன்னிரண்டு கோரைப்பாய், ஒரு மடக்கு மேசை. கூட்டத்தை ஊரில் சொல்வது, மேரியில் அனுமதி வாங்குவது, பாய் விரிப்பது, மணி அடிப்பது, கேள்விகளைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதுவது என் பொறுப்பு. என் பெயர் மாசிலாமணி. ஊர்க்காரர்களுக்கு நான் மணிக்காரன்.

அனுமதி வாங்குவது தனிக் கலை. கலைக்கு மேரியில் தடை கிடையாது. அரசியல் என்று எழுதினால் காகிதம் திரும்பியே வராது. ஆகவே எல்லாக் கூட்டத்துக்கும் கலை என்றே எழுதுவோம். உப்பு வரியைப் பற்றிப் பேசிய கூட்டத்துக்கு 'சமையற்கலையில் உப்பின் இடம்' என்று முசே எழுதிக் கொடுத்தார். மேரியில் இருந்த எழுத்தர் அதைப் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"போன மாசம் கலை, இந்த மாசமும் கலை. ஏம்பா, உங்க ஊர்ல நெல்லு கில்லு எதுனா வெளையுதா, இல்ல கலையேதானா?"

"நெல்லு வெளைஞ்சாதான சார் சமையலு" என்றேன். முத்திரை விழுந்தது.

நான் சொல்ல வந்தது பாய் விரிக்கும் முறையைப் பற்றித்தான்.

எங்களுக்குக் கூடம் கிடையாது. யாரும் கொடுக்கவும் மாட்டார்கள். எல்லாக் கூட்டமும் மரத்தடியில். முதல் சில கூட்டங்களில் என்ன ஆனது என்றால், நிலக்காரர்கள் வந்து நிழலில் உட்கார்ந்தார்கள். சேரியிலிருந்து வந்தவர்கள் நிழல் முடியும் இடத்தில் வெயிலில் நின்றார்கள். யாரும் நிற்கச் சொல்லவில்லை. நிற்கக்கூடாது என்றும் சொல்லவில்லை. முசே அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அடுத்த கூட்டத்துக்கு மூன்று விதிகளைப் பழைய படிவத்தின் முதுகில் எழுதி வந்து என்னை உரக்கப் படிக்கச் சொன்னார்.

பாய் எவ்வளவு நீளமோ அவ்வளவுக்குத்தான் கூட்டம், எல்லோரும் பாயில் உட்கார வேண்டும், நிற்க அனுமதியில்லை என்பது முதலாவது. இரண்டாவது, நிழல் நகர்ந்து பாயின் ஓரத்தில் வெயில் விழுந்தால் மணி அடிக்க வேண்டும், எல்லோரும் எழுந்துகொள்ள வேண்டும், பாயை நிழலுக்கு நகர்த்தி மறுபடி உட்கார வேண்டும், முன்பு உட்கார்ந்த இடத்தை யாரும் கேட்கக்கூடாது. மூன்றாவது, கேள்வி கேட்பவர் கத்தக்கூடாது. காதில் விழவில்லை என்றால் பேசுகிறவர்தான் எழுந்து அவரிடம் போய்க் கேட்க வேண்டும்.

சாதியைப் பற்றி அந்தக் காகிதத்தில் ஓர் எழுத்து இல்லை. பிற்பகல் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிக்குள் நிழல் இரண்டு முறை பாயைத் தாண்டும். இரண்டு முறை மணி. இரண்டாவது முறை உட்காரும்போது யார் பக்கத்தில் யார் என்று யாருக்கும் பிடிபடாது. நிழலோடு யார் சண்டை போட முடியும்?

மடுகரைப் பெரிய பண்ணை துரைக்கண்ணு ஒரு முறை கேட்டேவிட்டார். "முசே, நாங்க கூட்டம் கேக்க வந்தமா, ஒக்காந்து ஏந்திரிக்க வந்தமா?"

"சூரியன நிறுத்துங்க பண்ண. நான் மணிய நிறுத்தறேன்" என்றார் முசே.

முசேயைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அவர் கோபப்பட்டுக் கத்தி நான் பார்த்ததில்லை. வழக்கமாக என்னை 'டேய் மணி' என்பார். கோபம் வந்தால் 'வாங்க, உக்காருங்க' என்பார். அந்த மரியாதைக்கு நான் பயந்ததுபோல் கரும்பாலை மேஸ்திரியின் கைக்குக்கூடப் பயந்ததில்லை.

இனி அந்த மடுகரைக் கூட்டம்.

பேச வந்தவர் கன்னியப்பன். நாடகக் கம்பெனிகளுக்குத் திரை எழுதுகிறவர், அதாவது மேடைத் திரையில் படம் வரைகிறவர். தர்பார் திரை, காட்டுத் திரை, தெருத் திரை என்று ஒரு செட்டு எழுதிக் கொடுப்பார். இங்கிலீஷ்காரன் எல்லையைச் சேர்ந்தவர். அங்கே ஒரு நாடகத்துக்கு எழுதிய தர்பார் திரையில் சிம்மாசனத்தைக் காலியாக எழுதி, அதன் காலில் 'வாடகைக்கு' என்று சின்னதாக ஒரு பலகையைத் தொங்கவிட்டுவிட்டார். சனங்கள் சிரித்த சிரிப்பில் நாடகம் நின்றுபோனது. போலீஸ் திரையைச் சுருட்டிக்கொண்டு போய், இவர் பேரில் பிடிவாரண்டு வாங்கியது. இவர் நடந்தே நம் எல்லைக்குள் வந்துவிட்டார். திருவாண்டார்கோயிலில் ஒருவர் மாட்டுக்கொட்டகையில் தங்க இடம் கொடுத்திருந்தார். பிரஞ்சு மண்ணில் இருக்கும்வரை அந்தப் போலீஸ் அவரைத் தொட முடியாது. ஓரடி தாண்டினால் முடிந்தது. நம் பகுதி அப்படி. ஒரு வயல் இவனுடையது, அடுத்த வயல் அவனுடையது. நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல்.

மடுகரையில் ஊருக்குள் இடம் கிடைக்கவில்லை. எல்லை ஓரத்தில் ஒரு பெரிய புளியமரம் இருந்தது. அந்தப் பக்கத்து ஊர்க்காரர்களும் வர வசதி என்று அதையே முசே பிடித்தார். சனிக்கிழமையே போய் நான் அளந்தேன். மரத்திலிருந்து கிழக்கே இருபத்திரண்டு எட்டில் எல்லைக்கல். இரண்டு மணிக்கு நிழல் மரத்தடியிலேயே இருக்கும். முதல் மணிக்குப் பிறகு பன்னிரண்டு எட்டு வரை போகும். இரண்டாவது மணி அடிக்கும் நேரத்தில் அது கல்லைத் தாண்டிவிடும். அது எனக்கு அன்றைக்கே தெரியும். முசேயிடமும் சொன்னேன்.

"சனங்க தாண்டட்டும். மேசை தாண்டக் கூடாது" என்றார்.

கூட இருந்த கன்னியப்பன் சிரித்தார். "நான் சாரத்து மேல வெயில்லயே நிக்கிறவன். எனக்கு நெழலு எதுக்குபா?"

கூட்டத்துக்கு நூறு பேருக்கு மேல் வந்தார்கள். மேரியிலிருந்து ஒரு சிப்பாய் சிவப்புத் தொப்பியோடு வந்து மரத்தில் சாய்ந்து நின்றான். 'திரைச்சீலை எழுதும் கலை' என்பது அனுமதிக் காகிதத்தில் இருந்த தலைப்பு. உண்மையில் கலைதான் அன்றைக்கு. அதுதான் வேடிக்கை. அரசியல் பேசிய நாளெல்லாம் ஒன்றும் ஆகவில்லை.

முதல் மணி ஒழுங்காக நடந்தது. மூன்று மணிக்கு மேல் நடவு முடித்துப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் சேற்றுக் காலோடு வந்தார்கள். கடைசியாக வந்ததால் மேற்கு ஓரத்தில்தான் பாய் மிச்சமிருந்தது. சிறிது நேரத்தில் அங்கே வெயில் விழுந்துவிட்டது. அஞ்சலை என்ற பெண் இடுப்புக் குழந்தையின் தலையில் முந்தானையைப் போட்டு மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"யோவ் மணிக்காரரே, நெழலு நவுந்துபோச்சி. மணி இன்னா துரு புடிச்சிகிச்சா?"

நான் கல்லைப் பார்த்தேன். முசேயைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார். அடித்தேன்.

எல்லோரும் எழுந்தார்கள். பாயை இழுத்தோம். மேசை கல்லுக்கு எட்டு எட்டு முன்னால் வெயிலில் நின்றது. கூட்டத்தில் பாதி கல்லுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தது. ஒரு பாய் சரியாகக் கல்லின் மேல் விழுந்தது. கல் நீட்டிக்கொண்டிருந்தால் யாராவது தடுக்கி விழுவார்கள் என்று நான்தான் பாயை அதன் மேல் இழுத்துப் போர்த்தினேன். மேடு மாதிரி ஆயிற்று. துரைக்கண்ணு வந்து அதைத் தொட்டுப் பார்த்து, "இது பரவால்ல, எடம் மாறினாலும் ஆசனம் கெடைச்சிது" என்று அதன் மேல் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டார். எல்லைக்கல் அவருக்கு அடியில் போய்விட்டது. என் தப்பு அதுதான். வேறு யாரையும் சொல்லிப் பயனில்லை.

கன்னியப்பன் பேசி முடித்தார். திரையில் தூரத்தை எப்படிக் காட்டுவது, விளக்கு வெளிச்சத்தில் எந்த நிறம் செத்துப்போகும் என்றெல்லாம் சொன்னார். கேள்வி நேரம் வந்தது. இரண்டு பேர் கேட்டார்கள், எழுதினேன். மூன்றாவதாகப் பின்னால் கடைசியில் அஞ்சலை எழுந்து நின்றாள். கேள்வி நேரத்தில் சேரிப் பெண் ஒருத்தி எழுந்து நின்றது அதுதான் முதல் முறை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்குக் குரல் வரவில்லை. உதடு அசைந்தது தெரிந்தது. குழந்தை வேறு சிணுங்கியது.

"இன்னாம்மா? காதுல வுழல" என்றார் கன்னியப்பன்.

துரைக்கண்ணு கையை ஆட்டினார். "அது கெடக்குது வுடுங்க. புள்ள அழுவுது, ஒக்காரச் சொல்லுங்க."

"இல்ல பண்ண, கேக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கன்னியப்பன் மேசையை விட்டு நடந்தார். விதி அப்படி. பேசுகிறவர்தான் போக வேண்டும். சனங்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். அவர் தரையைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு போனார். பார்த்திருந்தாலும் கல் தெரிந்திருக்காது. நான் மேசைப் பக்கம் உட்கார்ந்து, கேள்வி: என்று எழுதி, இரண்டு புள்ளி வைத்து, பென்சிலோடு தலையைத் தூக்கினேன். அவர் துரைக்கண்ணுவைத் தாண்டிவிட்டிருந்தார்.

இரண்டு மணியிலிருந்து வேர்க்கடலை தின்றுகொண்டு உட்கார்ந்திருந்த இரண்டு பேர் எழுந்தார்கள். வெறும் வேட்டி, துண்டு. ஒருவன் அவருடைய இடது கையைப் பிடித்தான். மற்றவன் இடுப்பில் கை போட்டான்.

"கன்னியப்பன்தான? நட."

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்புத்தான் முதலில் வருகிறது. நான் ஓடிப்போய் அவருடைய வலது கையைப் பிடித்தேன். கல்லுக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்துவிட்டால் அவர்கள் விட்டுத்தான் ஆக வேண்டும். நாலு எட்டுதான். என் இடுப்பை ஒருவர் பிடித்தார். அவரை இன்னொருவர். துரைக்கண்ணு எழுந்து வந்து, வரிசையில் கடைசியாக நின்ற அஞ்சலையின் புருஷனுடைய தோளைப் பிடித்து இழுத்தார். அந்தத் தோளை அவர் அதற்கு முன்னும் தொட்டதில்லை, பின்னும் தொட்டதில்லை. "இஸு! இஸு!" என்று தேர் இழுப்பதுபோல் சத்தம். அந்தப் பக்கம் இன்னும் மூன்று போலீஸ் கரும்புக்குள்ளிருந்து ஓடிவந்து பிடித்துக்கொண்டார்கள். நம் சிப்பாய் பாயை விலக்கிக் கல்லின் மேல் ஏறி நின்றுகொண்டு கத்தினான்.

"கல்லத் தாண்டி இந்தாண்ட கொண்டாங்கடா! இந்தாண்ட வந்தாதான் என் வேல!"

மூன்று எட்டு இழுத்துவிட்டோம். கன்னியப்பனுடைய கால் கல்லைத் தொட்டது. அப்போது அவருடைய வலது தோளில் ஒரு சத்தம் கேட்டது. கரும்பை முழங்காலில் வைத்து ஒடித்தால் கேட்குமே, அது. அவர் முகம் வெளுத்தது. "கை... கை..." என்றார். திரை எழுதுகிற கை அது. இன்னும் ஒரு இழுப்பு இழுத்தால் ஆள் இந்தப் பக்கம் வந்துவிடுவார், கை வருமா என்று தெரியாது.

விட்டுவிட்டேன்.

என் பின்னால் பிடித்திருந்தவர்கள் எல்லோரும் வரிசையாக மல்லாந்து விழுந்தார்கள். அவரைக் கரும்பு வழியாகக் கொண்டுபோய்விட்டார்கள். அஞ்சலை நின்ற இடத்திலேயே நின்றாள். மணி பாயில் உருண்டு கிடந்தது.

அடுத்த ஞாயிறு வில்லியனூரில் சபை கூடியது. மணிக்காரன் காட்டிக்கொடுத்துவிட்டான், கல்லை மூடினவன் அவன், கையை விட்டவனும் அவன் என்று ஊரெல்லாம் பேச்சு. நான் போய் நின்றேன்.

"வாங்க, உக்காருங்க" என்றார் முசே. "கடைசிக் கேள்விய வாசிங்க."

புத்தகத்தை நீட்டினேன். கேள்வி: என்று இருந்தது. அதற்கப்புறம் வெள்ளைக் காகிதம்.

"எழுதல முசே. காதுல வுழல."

"மணி அடிச்சு கூட்டத்த முடிச்சீங்களா?"

"இல்ல."

அவர் அந்த இரண்டு புள்ளியின் மேல் விரலை வைத்தார். பிறகு மற்றவர்களிடம் திரும்பினார். "கேள்வி பாக்கி இருக்குது. கூட்டம் முடியல. கன்னியப்பன் வந்து பதில் சொன்னப்புறம் முடியும். அதுவரைக்கும் மணி இவன்கிட்டயே இருக்கட்டும்." இவன் என்றார். அது போதும் எனக்கு.

போதும் என்றேனே தவிர, இருக்க முடியவில்லை. மணியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். செங்கல் சூளை, உப்பளம் என்று எல்லையின் இரு பக்கமும் சுற்றினேன். தூங்கினால் கரும்பு ஒடியும் சத்தம் கேட்டது. சுற்றிச் சுற்றி மடுகரை வழியாகவே வந்தேன். ஒவ்வொரு முறையும் வரப்பில் நின்று அஞ்சலையைக் கேட்பேன்.

"அன்னிக்கு இன்னாதாம்மா கேட்ட?"

"உன்ன கேக்கல. அவர கேட்டன். அவரு வரட்டும்" என்று நாற்றை நட்டுக்கொண்டே சொல்வாள். துரைக்கண்ணுவே கேட்டும் சொல்லவில்லையாம்.

இரண்டு நடவு கழிந்து கன்னியப்பன் வந்தார். உள்ளே இருந்த மாதங்களில் ஆள் பாதியாகிவிட்டார். வலது கை மார்பு வரைக்கும்தான் உயரும். அதற்கு மேல் போகவில்லை. ஆளுயரத் திரையில் இனி அவர் பாதித் திரைதான் எழுத முடியும். நான் அவர் முன்னால் போய் நின்றேன்.

"நான் வுட்டிருக்கக் கூடாதுண்ணே."

"டேய், கொஞ்சம் முன்னாலயே வுட்டிருக்கணும்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் இடது கையால் வலது தோளைத் தடவிக்கொண்டே சொன்னார்.

அனுமதிக்கு மேரிக்குப் போனேன். 'சென்ற கூட்டத்தின் மிச்சம்' என்று முசே எழுதியிருந்தார். எழுத்தர் படித்தார். "இதுவும் கலைதானா?" என்றார். "தெரியல சார்" என்றேன். முத்திரை குத்திவிட்டுக் காகிதத்தை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார்.

அதே புளியமரம். இந்த முறை மரத்தடியை ஒட்டிப் பாய் விரித்தேன். கல் தெளிவாகத் தெரியும்படி அதற்குச் சுண்ணாம்பு அடித்திருந்தேன். யாரும் புதிதாக எதுவும் பேசவில்லை. அஞ்சலை எழுந்தாள். குழந்தை இப்போது அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றது. கன்னியப்பன் நடந்து அவளிடம் போனார். இந்த முறை அவள் குரல் கடைசி வரிசை வரை கேட்டது.

"தெருத் தெரைன்னு எழுதறியே, அதுல ரெண்டு பக்கமும் மாடி வூடு, கோலம், கோபுரம் எல்லாம் கீது. நானும் எத்தினியோ நாடகம் பாத்துட்டன். எங்க தெருவ ஒரு தெரையிலயும் காணமே. அது தெரு இல்லியா?"

எழுதினேன். அந்த வெள்ளை இடத்தில் சரியாகப் பொருந்தியது.

பதிலுக்குக் காத்திருந்தோம்.

"நான் பாத்ததில்லம்மா" என்றார் கன்னியப்பன். "உங்க தெருவுக்குள்ள நான் வந்ததே இல்ல. நீயே சொல்லு. உள்ள நொழைஞ்சா மொதல்ல இன்னா தெரியும்?"

அஞ்சலை குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"வெயிலு" என்றாள். "எங்க தெருவுல மரம் இல்ல."

பிறகு சொல்லத் தொடங்கினாள். எந்த வீட்டுக்குக் கூரை எந்தப் பக்கம் சரிந்திருக்கும், மழைத் தண்ணீர் எந்த வழியாக உள்ளே வரும், தண்ணீருக்கு எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று ஒன்று விடாமல் சொன்னாள். கன்னியப்பன் தரையில் உட்கார்ந்து, இடது கையால் குச்சி பிடித்து மண்ணில் கோணலாகக் கோடு இழுத்துக்கொண்டே கேட்டார்.

பாயின் மேற்கு ஓரத்தில் வெயில் விழுந்தது. மணியை எடுத்தேன். முசேயைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் முதல் வரிசைக்கு வந்தது, நடு வரிசைக்கு வந்தது. துரைக்கண்ணு துண்டை அவிழ்த்துத் தலையில் போட்டுக்கொண்டார். எழுந்திருக்கவில்லை. நிழல் எங்களை விட்டு நகர்ந்து, சுண்ணாம்புக் கல்லைத் தாண்டி, அந்தப் பக்கத்துக் கரும்பில் ஏறிப் போயிற்று. யாரும் மணி அடிக்கச் சொல்லவில்லை.